தராசுக்குப் பிறகு

ராணுவ மருத்துவமனை, எலும்பு முறிவு வார்டு
பிப்ரவரி 24

மாமாவுக்கு,

நலம் என்று எழுதினால் அது பொய். இடது கால் மூன்று இடத்தில் முறிந்து, கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியில் தொங்குகிறது. முதுகெலும்பில் ஒரு கீறல். பெருமூச்சு விடக்கூட நர்ஸ் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா இரண்டு முறை வந்து போனாள். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவருக்குத் தலைக்கு மேல வேலைடா" என்றாள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்றைக்கும் துடைத்தாள்.

நான் பேச வேண்டியது அதைப் பற்றி அல்ல. ஒன்பதாம் தேதி காலை உங்கள் முகாமிலிருந்து என் ஹெலிகாப்டரில் நான் ஏற்றியது எட்டுப் பேர். தராசுக்காரர் ஒவ்வொருவனையும் மூட்டை, துப்பாக்கியோடு நிறுத்தி எடை பார்த்து, மூட்டையில் சாக்பீஸால் எழுதினார். கூட்டினால் எழுநூற்று ஐம்பத்திரண்டு கிலோ. அந்த மலை முகட்டின் உயரத்துக்கும் அன்றைய குளிருக்கும் என் அட்டவணை எழுநூற்று அறுபது வரை தாங்கும் என்கிறது. எட்டுக் கிலோ மிச்சம். எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

முகட்டின் தளத்துக்கு மேலே பத்தடி இருக்கும்போது ஹெலிகாப்டர் கல் மாதிரி இறங்கியது. நெம்புகோலை மேலே இழுத்தேன். எஞ்சினில் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. வால் பாறையில் அடித்து, பின்பாதி தீப்பிடித்தது. உங்கள் ஆட்கள் இரண்டு பேர் அங்கேயே போனார்கள். என் மெக்கானிக்கும் போய்விட்டான். நட்டு என்று நாமெல்லாம் கூப்பிடுவோமே, அவன். நான்கு வருடம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பறந்தவன்.

விசாரணைக் குழு மார்ச் கடைசியில் வருகிறது. எஞ்சினில் கோளாறு இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். காற்றும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். படுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், கணக்கு உதைக்கிறது. அந்த எட்டுப் பேரின் சாமான் பட்டியலை அனுப்புங்கள். மூன்று பேரைக் கொன்றது என் கையா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் மைத்துனன்


மலை முகாம்
மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கால் தேறட்டும். வராததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை.

பட்டியல் இல்லை. அந்தப் பிரிவின் தலைவன் சட்டைப்பையில் இருந்தது, அவனோடு எரிந்துவிட்டது.

நீ கணக்குப் பார்க்கிறாய். பார். ஆனால் நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் அதே முகட்டில் என் பன்னிரண்டு பேரை இரண்டு நடையில் இறக்கிவிட்டு, மறுநாள் வந்து அழைத்துப் போகிறேன் என்றாய். மேகம் இறங்கிவிட்டது. நான்கு நாள் நீ வரவில்லை. பறக்க முடியாது என்று வயர்லெஸ்ஸில் நீ சொன்னதை ஒவ்வொரு முறையும் நான்தான் கேட்டு, நான்தான் முகட்டில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்தது. பனியை உருக்க எரிபொருளும் இல்லை. ஐந்தாம் நாள் நீ கொண்டுவந்து இறக்கியதில் இரண்டு பேர் விறைத்துப் போயிருந்தார்கள். ஒருவனுடைய பூட்ஸைக் கத்தியால் அறுத்துத்தான் கழற்ற முடிந்தது. அன்று உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா? மேகத்தில் பறக்காதது சரிதான். அதற்காக எனக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

இன்னொன்றும் தெரிந்துகொள். ஏப்ரல் இருபதாம் தேதி தலைமையகத்தில் கூட்டம். நம்முடைய ஆறு ஹெலிகாப்டரை இருபத்து நான்காக்கி, தரைப்படைக்கென்று தனி வான் பிரிவு அமைப்பதா, இல்லை எல்லாவற்றையும் விமானப்படையிடம் கொடுத்துவிடுவதா என்று அன்று முடிவாகும். காலாட்படைக்காரனுக்கு எதற்கு இறக்கை என்று சிரித்தவர்கள் எல்லாரும் அந்த மேஜைக்கு எதிரில் உட்காருவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒழுகுகிற தகரக் கொட்டகையில் பழைய இரண்டு ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு நீ நின்றபோது, என் பட்டாலியன் ஏறும் என்று சொன்ன ஒரே கர்னல் நான். இரண்டு நாள் ஏறிப் போகிற மலைக்கு இருபது நிமிஷத்தில் ஒரு கம்பெனி ஆட்களைக் கொண்டுபோகலாம் என்று நீ சொன்னதை நம்பினேன். அதை மறக்காதே.

ஒரு கேள்வி. கிளம்புமுன் தூக்கிப் பார்க்கிற சோதனை உண்டே. ஆள் உயரத்துக்குத் தூக்கி அரை நிமிஷம் நிறுத்தி, எஞ்சின் முள்ளைப் பார்ப்பாயே. நீயே எழுதிய விதி. அன்று முள் என்ன காட்டியது? கடிதத்தில் அது இல்லை.

மாமா


மருத்துவமனை
மார்ச் 11

மாமா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கலையை நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

எனக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு நேற்று முன்தினம் உங்கள் எந்திரத் துப்பாக்கிக்காரனை மாற்றியிருக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருவன். இரண்டு கையிலும் கட்டு. அவனுக்கு நர்ஸ் அம்மா கஞ்சி ஊட்ட, எனக்கு வார்டு ஆள் ஒருவர் தலையணை சரி செய்ய, இரண்டு பேரும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி கிடக்கிறோம். பேச்சுவாக்கில் தன் தண்ணீர் டப்பாக்கள் எங்கே போயின என்று கேட்டான். டப்பாக்களோடு தராசில் நின்றிருந்தால் எடை கூட வந்திருக்குமே, எடைச் சீட்டை நான் பார்த்தேனே என்றேன்.

"அது கணக்குல வராதுங்க கேப்டன். தராசு தாண்டினப்புறம் எடுத்துக்கறது" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நானும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தராசுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் எரிபொருள் பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் இடம். அவற்றுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிய குவியல். எடை பார்த்து, சாக்பீஸில் எழுதி வாங்கிக்கொண்டு, பீப்பாய்களைச் சுற்றி வரும்போது ஒவ்வொருவனும் ஒரு தோட்டா வார், இரண்டு தண்ணீர் டப்பா. எட்டுக் கிலோ. எட்டுப் பேர். நானும் நட்டுவும் விசிறி சுற்றுகிற ஹெலிகாப்டரில் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எட்டெட்டு அறுபத்து நாலு. இனி எனக்குப் பட்டியல் வேண்டாம், வாய்ப்பாடு போதும்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "கர்னல் ஐயா சொன்னதுதான்" என்றான். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் பார்த்தான், முடியவில்லை.

மாமா, எவ்வளவு நாளாக நடக்கிறது இது? ஜனவரியில் எத்தனை முறை உங்கள் ஆட்களை ஏற்றினேன்? ஒவ்வொரு முறையும் மயிரிழையில் இறங்கிவிட்டு, என் கை தேர்ந்த கை என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பையன் சொன்னது பொய் என்று எழுதுங்கள். நான் உங்களைத்தான் நம்புவேன்.


மலை முகாம்
மார்ச் 19

மாப்பிள்ளை,

பையன் சொன்னது உண்மை.

ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தோம். ஆரம்பித்தேன். யாரையும் கூட்டுச் சேர்க்க வேண்டாம். டிசம்பரில் அந்த இரண்டு பேர் உடலையும் ஊருக்கு அனுப்பிவைத்த பிறகு மற்றவர்களை வரிசையில் நிறுத்திச் சொன்னேன். "ஹெலிகாப்டர் வரும்னு நம்பாதீங்க. வந்தா வரும். நாலு நாளைக்கு வேண்டியது உங்க முதுகுல இருக்கணும்." உன் தராசு ஆளை எட்டாகக் குறைக்கிறது, மூட்டையைப் பாதியாகக் குறைக்கிறது. உனக்கு அது எடை. எனக்கு அது நான்காம் நாள். உன்னிடம் வந்து கேட்டிருக்கலாம். கேட்டால் ஏழு பேர்தான் ஏறலாம் என்றிருப்பாய். முகட்டைப் பிடித்து வைக்க ஏழு பேர் போதாது. ஆகவே கேட்கவில்லை.

உன் அட்டவணையில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதியிருப்பாய் என்றும் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ரொட்டி பத்து வேண்டுமென்றால் பதினைந்து என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். நீ பத்துக்குப் பத்து என்றே எழுதுகிறவன் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் தப்பு. அந்தத் தப்பில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் உன் நட்டுவும் செத்தார்கள். இதைத் தினம் நினைக்கிறேன். நீ நினைவுபடுத்தத் தேவையில்லை.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. காலாட்படை ஏமாற்றி எடை ஏற்றியது என்று விசாரணையில் வந்தால், இருபதாம் தேதிக் கூட்டத்தில் அவர்களுக்கு வேறு பேச்சே வேண்டாம். தரைப்படைக்காரன் கையில் ஹெலிகாப்டரைக் கொடுத்தால் லாரி மாதிரி ஏற்றுவான் என்பார்கள். மிச்சமிருக்கும் ஐந்தும் போய்விடும். விமானியின் கைத்தவறு என்று வந்தால் ஒரு விமானி போவான், வான் பிரிவு நிற்கும். இருபத்து நான்கு வரும். இதற்காகத்தான் நாலு வருஷம் எல்லார் காலிலும் விழுந்தாய். உன் பேரா, உன் பிரிவா, நீயே சொல்.

பிரிவு அமைந்தால் தலைமை எனக்கு என்று பேச்சு. அதை உனக்கு வேறு யாரோ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா


மருத்துவமனை
ஏப்ரல் 6

மாமா,

விசாரணைக் குழு வந்தது, போனது. மூன்று பேர், மூன்று தோல் பை, ஒரு தட்டச்சுக்காரர். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டார்கள். எடைச் சீட்டில் உள்ளதைச் சொன்னேன். சீட்டில் இல்லாததை அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உங்கள் மார்ச் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் அப்போது என் தலையணைக்கு அடியில் இருந்தது. எந்திரத் துப்பாக்கிக்காரன் அன்று காலையிலேயே வேறு வார்டுக்குப் போய்விட்டான். யார் மாற்றினார்கள் என்று உங்களைக் கேட்கவில்லை.

முடிவு மூன்று நாளைக்கு முன்னால் வந்தது. விமானியின் கைத்தவறு. சட்டையிலிருந்த இறக்கைச் சின்னத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையையே விபத்தன்று கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டார்கள், சின்னத்தை எங்கே போய்த் தேட என்று கேட்டதற்கு, தொலைந்ததாக ஒரு படிவம் எழுதித் தரச் சொன்னார்கள்.

ஊன்றுகோல் கொடுத்ததும் முதலில் நட்டு வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, காதுக்கு மேல் ஹெட்போன் அழுத்திய தடம்கூட மறையாமல் எதிரில் உட்கார்ந்தார்கள். முடிவு அவர்களுக்கும் கடிதத்தில் போயிருந்தது. என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்ககூடப் பறந்தா பயமில்லைன்னு சொல்வாரு. ஒரு கிலோகூட ஏமாத்த விடமாட்டாருன்னு" என்றார்கள். பிறகு, அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார்கள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

பேரா பிரிவா என்று கேட்டிருந்தீர்கள். பேர் போய்விட்டது, அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பீப்பாய்களுக்குப் பின்னால் இருக்கும் குவியல் அப்படியே இருக்கிறது அல்லவா? என் இடத்துக்கு வந்த சின்ன விமானி போன வாரம் என்னைப் பார்க்க வந்தான். மூன்றாவது மாதம்தான் பறக்கிறான், முகத்தில் இன்னும் பருக்கள். "உங்க அட்டவணைதான் சார், வரிக்கு வரி" என்று பெருமையாகச் சொன்னான்.

நீங்களே போய்ச் சொல்லுங்கள். குழுவிடம், கூட்டத்துக்கு முன்னால். நீங்கள் சொன்னால் அது ஒரு கர்னல் சொன்னது. நான் சொன்னால் வேலை போன விமானியின் புலம்பல், அதுவும் மாமன் மச்சான் சண்டை என்று சிரிப்பார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.


மலை முகாம்
ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

குவியலை மார்ச்சிலேயே எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். நேற்று நானே நடந்து போய்ப் பார்த்தேன். பீப்பாய்களுக்குப் பின்னால் இல்லை, சமையல் கூடாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொன்னால் கேட்கிற பிள்ளைகள், இதில் மட்டும் கேட்கவில்லை. முகட்டில் நான்கு நாள் இருந்து வந்தவன் புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். மற்ற பட்டாலியன்களுக்கும் பரவியிருக்கிறது என்று கேள்வி.

குழுவுக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். தேதி போட்டேன், "ஐயா" என்று எழுதினேன், அதற்கு மேல் பேனா ஓடவில்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் பயந்தான் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு உன் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

என் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் உன்னிடம் இருக்கிறது. என் கையெழுத்து, என் மை. அனுப்புவதானால் அனுப்பு. தடுக்க மாட்டேன். நான் எழுதவில்லை என்று மறுக்கவும் மாட்டேன். நானே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் முடியவில்லை.

ஆனால் அனுப்புமுன் நான் கேட்டதற்குப் பதில் சொல். மார்ச்சில் கேட்டேன். இரண்டு கடிதம் எழுதினாய், இரண்டிலும் அதைத் தாண்டிப் போய்விட்டாய். அறுபத்து நாலு கிலோ என்பது ஒரு ஆள். ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் தூக்கிப் பார்க்கும்போதே தெரியும் என்று என் அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவன் நீ. நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அன்று முள் எங்கே நின்றது?

மாமா


ஹேங்கர் அலுவலகம்
ஏப்ரல் 15

மாமா,

என் மேஜையைக் காலி செய்ய வந்தேன். அங்கிருந்தே எழுதுகிறேன். ஆறு ஹெலிகாப்டரில் ஒன்று போய் ஐந்து நிற்கின்றன. அந்தச் சின்ன விமானி ஒன்றின் மேல் ஏறி, விசிறித் தண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

உங்கள் கடிதத்தை உறையில் போட்டாயிற்று. நாளைக் காலைத் தபாலில் குழுவுக்குப் போகும். வான் பிரிவு போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தேன், அதை என் கையாலேயே கொடுக்கிறேன். துக்கமாக இருக்கிறது, சொல்லாமல் முடியவில்லை. ஆனால் பொய்யான சாக்பீஸ் எண்ணை நம்பி அந்தப் பருமுகத்துப் பையன் முகட்டில் போய் இறங்க வேண்டும் என்றால், இருபத்து நான்கு என்ன, இருநூறு வந்தாலும் எனக்கு வேண்டாம். யார் வேண்டுமானாலும் பறக்கட்டும், எடை உண்மையாக இருக்கட்டும்.

அதே உறையில் இந்தக் கடிதத்தின் பிரதியும் போகிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

தூக்கிப் பார்க்கிற சோதனையில் முள்ளைப் பார்ப்பது நான் இல்லை. என் கண் வெளியே தரையில் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் மெக்கானிக் முள்ளைப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, "சரி" என்று சொல்ல வேண்டும். அவன் சரி சொல்லாமல் நான் கிளம்பக் கூடாது. ஜெனரலே ஏறியிருந்தாலும் சரி. அதுவும் நான் எழுதிய விதிதான்.

அன்று நட்டு சரி சொல்லவில்லை. ஹெட்போனில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. அவன் மனைவியிடம் நான் சொன்னது பொய்.

"சார், ரெண்டு கோடு கூட நிக்குது. ஒரு ஆளை இறக்கிட்டுப் பார்க்கலாம்" என்றான்.

எனக்கும் தெரிந்தது மாமா. கையில் தெரிந்தது. வழக்கமாக எழுகிற மாதிரி அது எழவில்லை. ஆனால் ஓர் ஆளை இறக்கினால் முகாமில் நிற்கிற நீங்கள் பார்ப்பீர்கள். டிசம்பரில் நான்கு நாள் வராதவன், இன்று வந்தும் ஆளைக் குறைக்கிறான் என்று நினைப்பீர்கள். அன்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டீர்களே, அதை ஒவ்வொரு நாளும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் முன்னால் இன்னொரு முறை தலைகுனிய முடியாது என்று நினைத்தேன்.

அவனிடம் சொன்னேன். "என் மாமாவோட ஆளுங்க நட்டு. எடையில பொய் சொல்ல மாட்டாங்க. முள்ளுதான் தப்பா காட்டும். சரி சொல்லு."

பிறகு, "நீங்க சொன்னா சரி சார்" என்றான்.